பெஞ்சைப் பார்க்கும் பையன்

(தருமபுரியில் கோடைக்காலக் கூடைப்பந்து முகாம் ஒன்றின் நிறைவு நாளில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை. மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்.

பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்கிற மாதிரி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். காலை ஐந்தரைக்கே வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன ஊக்கம் கொடுப்பது? நான் பேச வந்தது முன்வரிசையில் இருக்கும் கோச்சுகளிடமும், வேப்பமரத்தடியில் நிற்கும் அப்பா அம்மாக்களிடமும். விஷயம் ஒன்றே ஒன்றுதான். எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸ் நன்றாக ஆடுகிற, ஆனால் பாயின்ட் போடத் தெரியாத சின்ன வயதுப் பாயின்ட் கார்டை, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்குகிறவனை, என்ன செய்வது? பெஞ்சில் உட்கார வைப்பதா, ஆடவிடுவதா? ஆடவிட வேண்டும் என்பது என் கட்சி.

நம் பக்கம் ராத்திரி விளக்கு கட்டி நடக்கும் கபடிப் பந்தயங்களைப் பார்த்திருப்பீர்கள். ரைடர் பாடிப் போகும்போது விசில் பறக்கும். கார்னரில் குனிந்து நிற்கிறானே, அவன் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அங்கேயாவது கணுக்காலைப் பிடித்து நிறுத்தினால் ஒரு பாயின்ட் உண்டு. கூடைப்பந்தில் தடுத்தவனுக்கு அதுவும் கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும், அதில் முதல் 8 வினாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும். யாரும் மறிக்காவிட்டால் மூன்று நான்கு வினாடியில் தாண்டிவிடலாம். இப்போது எதிரில் ஒரு ஒல்லிப் பையன் இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சுக்கு நேராக, ஒரு கை தூரத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறான் என்று வையுங்கள். பந்தை வைத்திருப்பவன் முதுகைக் காட்டித் திரும்ப வேண்டியிருக்கிறது. இடது பக்கம் இரண்டு அடி, வலது பக்கம் இரண்டு அடி. கோட்டைத் தாண்டும்போது ஏழு வினாடி போயிருக்கும். மிச்சம் 17. கோச் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தைத் தொடங்கவே இன்னும் நாலைந்து வினாடி ஆகும். கடைசியில் கை தடுமாறி ஒரு மோசமான ஷாட். வளையத்தில் பட்டு எகிறிய பந்தை, அதாவது ரீபவுண்டை, நம் உயரக்காரன் எடுக்கிறான், ஸ்கோர் ஷீட்டில் அவன் பெயர் ஏறுகிறது. ஒல்லிப் பையன் பெயருக்கு நேராக என்ன இருக்கும்? ஒன்றுமில்லை. அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில், பந்தைப் பறிக்கிற ஸ்டீலையும் ஷாட்டைத் தட்டிவிடுகிற பிளாக்கையுமே 1973–74 பருவத்தில்தான் அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கினார்கள். ஏழு வினாடி வீணடித்ததை எங்கே எழுதுவது?

சரி, அவனை உட்கார வைக்கச் சொல்கிற எதிர்க்கட்சி வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். அதிலும் நியாயம் இருக்கிறது. ஷாட் போடத் தெரியாத கார்டை எதிரணி அப்படியே விட்டுவிடும். அவனைக் காவல் காக்க வேண்டியவன் நாலடி பின்வாங்கி, வளையத்துக்குக் கீழே போய் நம் பெரிய ஆளுக்கு வழியை அடைத்துக்கொள்வான். நாம் ஐந்து பேர் ஆடினாலும் நாலு பேர் ஆடுகிற மாதிரிதான். சம்பளம் வாங்கி ஆடுகிற இடத்தில் நாலு மாட்ச் தோற்றால் கோச்சுக்கே வேலை போய்விடும். அவர் பையனை உட்கார வைப்பதில் எனக்குக் கோபமில்லை.

ஃபிராங்க் நிட்டிலிகினா என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 2017-ல், என்.பி.ஏ. அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில், நியூயார்க் நிக்ஸ் அணி அவரை எட்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு வயது 18. நீளமான கை, அலுக்காத கால். ஆட நிமிஷமே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. முதல் பருவத்தில் 78 மாட்ச், ஆட்டத்துக்குச் சுமார் 22 நிமிஷம். ஆனால் நூறு ஷாட் போட்டால் 36 உள்ளே போனது. அவர் அங்கே இருந்த நான்கு பருவத்தில் நான்கு கோச்சுகள் மாறினார்கள். நாலாவது பருவத்தில் வெறும் 33 மாட்ச், அதோடு அனுப்பிவிட்டார்கள். பயனில்லாத ஆள் என்று பேச்சு. அதே ஆள், நடுவில் 2019 உலகக் கோப்பைக் காலிறுதியில் தன் நாட்டுக்கு ஆடினார். பிரான்ஸ் 89, அமெரிக்கா 79. அதில் அவர் 11 பாயின்ட். அங்கே அவரிடம் கேட்டது முதலில் தடுக்கிற வேலையை. ஷாட் தானாக வந்தபோது போட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணியிலும் இருந்தார். அதே கால், அதே கை. நிமிஷத்தின் எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த மாதிரி நிமிஷம் என்பதுதான் விஷயம் என்று எனக்குப் புரிந்தது அவரைப் பார்த்துத்தான்.

மார்க்கஸ் ஸ்மார்ட்டை 2014-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் ஆறாவது ஆளாக எடுத்தது. இரண்டாம் பருவத்தில் அவர் போட்ட மூன்று பாயின்ட் ஷாட்டில் நாலில் ஒன்றுதான் விழுந்தது. வேறு ஊராக இருந்தால் அவ்வளவுதான். பாஸ்டன் ஆடவிட்டுக்கொண்டே இருந்தது. 2022-ல் அந்த லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கு. கார்டு ஒருவர் அதை வாங்கியது 26 வருஷம் கழித்து. அதற்கு முன்பு 1996-ல் சியாட்டிலின் கேரி பேட்டன். பேட்ரிக் பெவர்லி கதை வேறு மாதிரி. 2009-ல் தேர்வாகியும் என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காமல் உக்ரைன், கிரீஸ், ரஷ்யா என்று ஊர் ஊராக ஆடிவிட்டு, 2013 ஜனவரியில்தான் ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். ஊர் சுற்றினாலும் ஆடிக்கொண்டேயிருந்தார், அதைக் கவனியுங்கள்.

ப்ராக்டீஸிலேயே கற்றுக்கொள்ளட்டுமே என்பார்கள். ஸ்கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் பெரிய ஆள், பந்தை வைத்திருக்கும் தன் ஆளுக்கு வழி கிடைக்க, நம் பையன் வழியில் சுவர் மாதிரி வந்து நிற்கிறான். பையன் அவன் தொடைக்கு முன்னால் முதலில் ஒரு பாதத்தை நுழைக்க வேண்டும், அப்புறம் இடுப்பு, அப்புறம்தான் தோள். தோளை முதலில் கொடுத்தால் மாட்டிக்கொள்வான். கையை நீட்டினால் ஃபவுல். ப்ராக்டீஸில் அந்தப் பெரிய ஆள் யார்? தினமும் கூடவே டீ குடிக்கிற அண்ணன். எந்தப் பக்கம் நிற்பான் என்று முன்பே தெரியும், இடித்தாலும் பெரும்பாலும் விசில் வராது. ஐந்தாவது ஃபவுலில் வெளியே போகும் பயம் மாட்சில்தான் வரும். கையை அடக்குகிற பழக்கம் அந்தப் பயத்தில்தான் வரும்.

இதையெல்லாம் தெரிந்தா நான் கோச்சாக இருந்தேன்? இல்லை. என்னிடம் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். மலையோரக் கிராமம், பஸ் பிடித்து வருவான், சாயங்காலப் பஸ்ஸை விட்டால் என் வீட்டில்தான் களியும் கீரையும். அவனை வைத்து எதிரணியின் நல்ல ஆட்டக்காரர்களை அடைத்திருக்கிறேன். ஆனால் அவன் இரண்டு ஷாட் தவறவிட்டால் உடனே வெளியே கூப்பிட்டுவிடுவேன். ஒரு மாட்சில் கவனித்தேன். ஷாட்டை விட்டவன் பந்து எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கை இன்னும் மேலே இருக்கிறது, தலை என் பக்கம் திரும்பிவிட்டது. பந்து வளையத்தில் பட்டு எகிறி அவனுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. எடுக்கவில்லை. என் கை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அசைந்தது. அந்த வருஷத்தோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

நம் தகடூர் அதியமானைப் பற்றி அவ்வை எதிரிகளை எச்சரித்த பாட்டு உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒரே ஒரு சக்கரம் மாதிரி எங்களிடம் ஒருவன் இருக்கிறான் என்பாள். கோச்சுகள் இதைக் கேட்டதும் பொறுமை, பொறுமை என்று தலையாட்டுவார்கள். அந்த ஒரு மாதமும் தச்சன் கை அந்த மரத்தின் மேல் இருந்தது ஐயா. மூலையில் சாய்த்து வைத்த மரம் ஒரு மாதத்தில் என்ன ஆகும், கரையான்தான் ஏறும்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம் 48 நிமிஷம், ஐந்து பேருக்கு மொத்தம் 240. அதில் ஒரு பையனுக்கு 14 நிமிஷம் என்றால் நூற்றில் ஆறு பங்குகூட இல்லை. இரண்டாவது குவார்ட்டர் தொடக்கத்தில், அந்தப் பக்கமும் மாற்று ஆட்கள் இறங்குகிற நேரத்தில், எறியத் தெரிந்த இரண்டு பேரை அவன் கூடவே நிறுத்தி இறக்குங்கள். எதிரணியின் பந்து கொண்டுவருகிறவனை மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லுங்கள். முக்கியமாக, எத்தனை நிமிஷம் என்பதை மாட்சுக்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். நாலு ஷாட் தவறினாலும் அந்த நிமிஷத்தில் கை வைக்காதீர்கள். எடுப்பதாக இருந்தால், தடுக்காமல் நின்றதற்கு எடுங்கள்.

மூன்று மணிக்கு இங்கேயே காட்சி ஆட்டம் இருக்கிறது, 40 நிமிஷ ஆட்டம். சாப்பாட்டு நேரத்தில் சிவப்பு பனியன் அணியின் கோச்சிடம், அந்த நெட்டைக் கால் குட்டிப் பையனுக்கு எத்தனை நிமிஷம் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஆறு என்றார். நான் பன்னிரண்டு என்றேன். எட்டு என்று ஏறியிருக்கிறார். பேரம் இன்னும் முடியவில்லை.