டோரியா பாம்ஃபிலி: சுவர் தெரியாத அரண்மனை

நண்பர்களே, ரோமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வத்திக்கான் வரிசையிலேயே பாதி நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். வீயா டெல் கோர்சோ கடைத்தெருவில் அவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வாசல்தான் டோரியா பாம்ஃபிலி அரண்மனை. இன்றும் அது டோரியா பாம்ஃபிலி குடும்பத்தின் சொத்துதான்.

உள்ளே போனால் முதலில் கொஞ்சம் எரிச்சல் வரும், சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து கூரைவரை சட்டகத்தோடு சட்டகம் இடிக்கப் படங்கள், சுவரே தெரியாது. ஓவியம் புரியட்டும் என்று பிரித்துப் பிரித்து மாட்டுவது இன்றைய அருங்காட்சியகத்தின் பழக்கம், 18ஆம் நூற்றாண்டுப் பிரபுவுக்கோ 'எங்களிடம் இவ்வளவு இருக்கிறது' என்று காட்டினால் போதும். அதனால் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். கழுத்துதான் வலிக்கும்.

இத்தாலிய ஓவியர் கராவாஜ்ஜியோவின் படத்தைத் தேடிப் பிடியுங்கள். எகிப்துக்குத் தப்பியோடும் வழியில் குழந்தை இயேசுவின் திருக்குடும்பம் இளைப்பாறுகிறது. மரியாள் குழந்தையோடு தூங்கிவிட்டாள், நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் தேவதூதன் வயலின் வாசிக்க, பாவம், கிழவர் யோசேப்பு இசைத்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தாளில் இருப்பது உண்மையான பாட்டு, வாசித்துப் பாடலாம்.

அப்புறம், அந்தச் சின்ன அறை. போப் பத்தாம் இன்னொசென்ட் பாம்ஃபிலி வீட்டுப் பிள்ளை. அவரை 1650இல் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த படம் அங்கே இருக்கிறது. சிவப்புத் திரை, சிவப்பு நாற்காலி, சிவப்பு மேலாடை, நடுவே யாரையும் நம்பாத இரண்டு கண்கள். படத்தைப் பார்த்ததும் போப்பே 'மிக உண்மையாக இருக்கிறது' என்றாராம், கதையாகவும் இருக்கலாம், ஆனால் முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. அதே அறையில் சிற்பி பெர்னினி செதுக்கிய அவருடைய மார்பளவுச் சிலையும் உண்டு. சலவைக்கல்லில் விரிசல் விட்டதால் பெர்னினி இன்னொன்று செய்தார், இரண்டுமே இந்த வீட்டில்தான் இருக்கின்றன. சிலையில் அவர் கம்பீரமான போப், படத்தில் சந்தேகம் பிடித்த கிழவர். எந்த இன்னொசென்ட் நிஜம் என்று இரண்டுக்கும் நடுவில் நின்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் ஓட்டு படத்துக்கு.

இந்தப் படத்தை வைத்து அலறும் போப்புகளாக வரைந்து தள்ளிய 20ஆம் நூற்றாண்டு ஓவியர் பிரான்சிஸ் பேகன் 1954இல் ரோமுக்கே வந்தும் அசலைப் பார்க்கப் போகவில்லை. எனக்கு அவர்மேல் கோபமில்லை, அந்தக் கண்களுக்கு முன்னால் நின்றிருந்தால் அவர் அப்படி வரைந்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.