நிற்க வைத்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா வந்து மூன்று மாதம் ஆகியும் அசதி, மூச்சு வாங்குதல், மறதி, படபடப்பு போன்றவை விடவில்லையா? இவை இரண்டு மாதமாவது நீடித்து, வேறு காரணமும் தெரியவில்லை என்றால் அது லாங் கோவிட். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரையறை இது. அன்றைக்கு எடுத்த பரிசோதனை முடிவு கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம். தொற்று இருந்திருக்கலாம் என மருத்துவர் கருதினாலே போதும்.

இந்த நோய் உடனே காட்டிக்கொடுக்காது. கடல்பாசி எடுத்துவிட்டு வரும் பெண் அன்று நன்றாகத்தான் இருப்பார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பாயை விட்டு எழ முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் நின்று வந்து, ஓ.பி. வரிசையிலும் நிற்பவருக்கும் இதே கதிதான். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் நாடி தணிந்துவிடும். ‘எல்லாம் நார்மல்’ என்று சீட்டில் எழுதுவார்கள். உட்கார்ந்த நிலைக்கு அது சரிதான்!

படபடப்பும் கிறுகிறுப்பும் உள்ளவரை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து நாடி, ரத்த அழுத்தம் குறியுங்கள். பிறகு நிற்கச் சொல்லி 1, 3, 5, 10-வது நிமிடங்களில் மறுபடி பாருங்கள். அழுத்தம் பெரிதாக இறங்காமல், நாடி மட்டும் படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால் அதைக் கவனித்தே ஆகவேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும், கண் இருட்டினால் உடனே படுக்க வையுங்கள். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறவிட்ட பிறகே செய்யுங்கள்; நீர் வற்றிய உடம்பிலும் நாடி இப்படித்தான் ஏறும். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை ஈர விரலிலோ, சாயம் பூசிய நகத்திலோ மாட்டினால் தப்புக் கணக்கு வரும்.

ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு பார்க்காமல் லாங் கோவிட் என்று முத்திரை குத்தவும் கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால், காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை கட்டாயம்.

நிற்க வைத்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். நோயாளிக்கு ஒரு நாற்காலி, முன்கூட்டியே டோக்கன், எல்லாப் பரிசோதனையும் ஒரே நாளில். இவற்றைச் சலுகையாக எண்ணிக் கூச்சப்படாமல் கேளுங்கள். போகும்போது, என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் கழித்து முடியாமல் படுத்தீர்கள் என்று இரண்டு வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஓ.பி. சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். நெஞ்சு வலியோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் டோக்கனுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.