கத்தாளைக்குக் கேட்கும் கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். காசிமேட்டில் கூடை கூடையாக இறங்கும் கத்தாளை மீனுக்குக் குரல் உண்டு. காற்றுப்பையை ஒட்டிய தசையை அதிரவைத்துக் கொர் கொர் என்று ஒலியெழுப்பும். முட்டையிடும் பருவத்தில் ஆண்மீன் இணையை அழைப்பது இந்தக் குரலில்தான். அது பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். கப்பல் இரைச்சலின் பெரும்பங்கும் அங்கேதான் விழுகிறது. கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்ப முடியாத மீனுக்குக் காதும் அடைபட்டால் என்ன செய்யும்?

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று அடுத்தடுத்து மூன்று துறைமுகங்கள் நம் கரையில். வேகமாகப் போகும் சரக்குக் கப்பலில் இன்ஜினைவிடப் புரொப்பல்லர்தான் அதிகம் இரையும். புரொப்பல்லரின் இலை சுழலும்போது அதன் ஒரு பக்கம் அழுத்தம் சரிந்து, தண்ணீர் சூடேறாமலே ஆவிக் குமிழியாகிறது. குமிழி உடையும்போது வெடிச்சத்தம். உடைகிற குமிழி இலையையும் அரிக்கும். அரித்த இலையில் மேலும் குமிழி. கப்பலில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு இலையில் ஒட்டினாலும் இதே கதி. ஆகவே இலையைச் சுரண்டி மெருகேற்றுவது எண்ணெய்ச் செலவையும் குறைக்கும், இரைச்சலையும் குறைக்கும். வேகத்தைக் குறைத்தாலும் பலனுண்டு. ஆனால் இலைக்கோணம் மாறும் புரொப்பல்லரில், சுழற்சியைக் குறைக்காமல் கோணத்தை மட்டும் குறைத்தால் சத்தம் கூடவும் கூடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

துறைமுகம் கட்டப் பைல் அடிப்பது, அதாவது கடல்தரையில் தூணைச் சுத்தியலால் அறைந்து இறக்குவது, இன்னும் கொடியது. அருகிலுள்ள மீனின் காற்றுப்பை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி விரிந்து கிழிந்தே போகலாம். முதலில் மெதுவாக அடித்து, படிப்படியாக வேகம் கூட்டினால் நீந்தும் மீன் விலகும். முட்டையும் குஞ்சும் எங்கே போகும்? அதனால் குமிழித்திரை வேண்டும். துளையிட்ட குழாயைப் பைலைச் சுற்றித் தரையில் வளையமாகப் போட்டு, கம்ப்ரஸரால் காற்றடிக்க வேண்டும். எழும் குமிழிகள் ஒலியைச் சிதறடித்து விழுங்கும். வட கடலில் காற்றாலை நடும் ஜெர்மனியில் இது வழக்கம். 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாதென்பது அங்கே விதி. அது தண்ணீருக்கான டெசிபல், காற்றின் கணக்கோடு ஒப்பிடக் கூடாது. துளையில் சேறு அடைத்தாலோ, வன்னி, தெண்டி என்னும் கடல் நீரோட்டங்கள் பலத்து ஓடிக் குமிழியை இழுத்துப் போனாலோ திரையில் ஓட்டை விழும். ஆகவே வெளிப்புறத்தில் ஹைட்ரோஃபோன் என்னும் நீரடி ஒலிவாங்கியை இறக்கி, வேலை நடக்கும்போதே அளக்க வேண்டும்.

மீன் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் நம் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த 61 நாளும் எண்ணூர்க் கடலில் பைல் சுத்தியலும் நிற்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.