விரலா, முடியா, வெள்ளிக்கிழமையா

வணக்கம். மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, கட்டியை எப்படித் தடவிப் பார்ப்பது, எப்போது டாக்டரிடம் போவது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களைப் பற்றி. நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது. டாக்டர் இரண்டு கீமோ மருந்துகளைச் சொல்லி, "யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார். வெளியே வராந்தாவில் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த வராந்தாவில் நானும் ஒரு நாள் நின்றேன்.

நான் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள். தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கொஞ்ச காலம், அந்தப் பக்கம் கொஞ்ச காலம். எத்தனையோ பேருக்கு கீமோ டிரிப் போட்டிருக்கிறேன். ஆனாலும் என் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, நோய் பரவிய பிறகுதான் ஒன்று உறைத்தது. இத்தனை பேரில் ஒருவரிடம்கூட, "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று நான் கேட்டதில்லை.

மைனிக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தொலி உரிக்கிற வேலை. முந்திரிப் பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தொலியைப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். முழுப் பருப்புக்குத்தான் விலை. அங்கே கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் வேலை அதிகம். மைனிக்கு ஆபரேஷன் முடிந்து, சிவப்பு மருந்து என்று எல்லாரும் சொல்லும் டாக்ஸோரூபிசின் ஏற்றி, ஹார்மோன் மாத்திரையில் ஆறு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் முதுகுவலி. ஸ்கேனில் எலும்பிலும் ஈரலிலும் தெரிந்தது.

பரவியது என்றவுடன் எல்லாருக்கும் கீமோ கிடையாது. கட்டியிலிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சோதிப்பதில் மூன்று விஷயம் தெரியும்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற இரண்டு ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்2 என்ற புரதம் அதிகமா. பரவிய இடத்தில் அது மாறியும் இருக்கலாம், அதனால் மறுபடி துளி எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்மோன் வகை என்றால், உள்ளுறுப்பு உடனே ஆபத்தில் இல்லாதவரை, முதலில் ஹார்மோன் மருந்தும் கூட பால்போசிக்லிப் மாதிரி ஒரு மாத்திரையும்தான். 2023 ஜனவரியில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலை நன்றாக இறங்கியது. ஹெர்2 வகைக்குப் பெரும்பாலும் கீமோவோடு டிராஸ்டுசுமாப் என்ற மருந்து சேர்ந்த சிகிச்சை. மூன்றுமே இல்லாத வகைக்கும் கீமோ ஆரம்பத்திலேயே வரும். மைனிக்கு மாத்திரைகள் ஒன்றரை வருடம் தாங்கின. அதற்குப் பிறகுதான் கீமோ பேச்சு.

டாக்டர் சொன்னவை இரண்டு. ஒன்று பாக்ளிடாக்சல் டிரிப், வாரம் ஒருமுறை. மற்றது கேப்சிடபின் மாத்திரை, காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணிக்குள், இரண்டு வாரம் போட்டு ஒரு வாரம் ஓய்வு.

அண்ணனும் பையன்களும் உடனே டிரிப் பக்கம் போனார்கள். ஊசியில் போவது வலுவான மருந்து, மாத்திரை சும்மா ஒப்புக்கு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அதுவும் போதாதென்று, "ரெண்டையும் சேர்த்துப் போட்டா என்ன?" என்று கேட்டார்கள். தப்பான கேள்வி இல்லை. டாக்ஸோரூபிசினையும் பாக்ளிடாக்சலையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. 700க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். சேர்த்துப் போட்டவர்களுக்குக் கட்டி அதிகம் சுருங்கியது. ஆயுள் கூடவில்லை. அதனால்தான் ஈரலோ மூச்சோ உடனே அபாயத்தில் இருந்தால் தவிர, ஒன்று முடிந்து ஒன்று என்று கொடுக்கிறார்கள்.

இவ்வளவு பேச்சும் வராந்தாவில். உள்ளே உட்கார்ந்திருந்த மைனிக்குப் பரவியது தெரியாது. "எலும்புத் தேய்மானம்னு சொல்லி வச்சிருக்கோம்" என்றான் அண்ணன். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அண்ணனைத் திட்டவும் முடியவில்லை. நானே எத்தனை வீட்டாரோடு சேர்ந்து இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி நான்தான் சொன்னேன். நோய் முழுசாகப் போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம், ஒன்று நின்றால் அடுத்ததுக்கு மாறலாம் என்று. மைனி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "இதுல எது என் விரல எடுக்கும் பிள்ளே?"

நான் தடுமாறிப்போனேன். இரண்டுமே எடுக்கும். பாக்ளிடாக்சல் நரம்பைத் தொடும். விரலும் காலும் மரத்துப்போகும். ரவிக்கைக் கொக்கி மாட்ட வராது, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார்கள். நிறுத்தினாலும் மரப்பு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்குப் போவதே இல்லை. கேப்சிடபின் தோலைத் தொடும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்து தொலி உரியும். ஆனால் மருந்தை நிறுத்தியோ குறைத்தோ வைத்தால் பெரும்பாலும் சில வாரத்தில் ஆறிவிடும். கேப்சிடபினில் விரல் ரேகையே மங்கிப்போவதும் உண்டு. ரேஷன் கடையில் மெஷின் ரேகையை எடுக்கவில்லை என்றால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

முடி? பாக்ளிடாக்சலில் அனேகமாக எல்லாருக்கும் போகும், கேப்சிடபினில் பொதுவாக நிற்கும். பிரயாணம்? நாகர்கோவிலிலிருந்து, ஆஸ்பத்திரி இருக்கும் திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். டிரிப் என்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போக வேண்டும், கூட ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். எல்லை தாண்டிப் போகிறவர்கள் நம் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தையும் விடாதீர்கள். சிவப்பு மருந்துக்கு ஆயுள் கணக்கு உண்டு, அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும். முன்பு எவ்வளவு ஏறியது என்று அந்தக் காகிதம்தான் சொல்லும்.

மாத்திரை என்பதால் இலேசு என்று நினைத்துவிடவும் கூடாது. ஒரு நாளில் பலமுறை வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். எந்தக் கீமோவானாலும் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கேப்சிடபின் தொடங்குமுன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கை எரிச்சலுக்கு மைனி தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஜெல்லை முதலிலிருந்தே தடவினால் நடுத்தரமான, கடுமையான எரிச்சல் நன்றாகக் குறைகிறது என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வு 2024இல் காட்டியது, நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வந்தது நான்குக்கும் கீழே இறங்கியது. எங்களுக்கு அது பிந்தித் தெரிந்தது. நீங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மைனி மாத்திரையைத்தான் எடுத்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. முடியோடு மேடையில் நிற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டார். டாக்டரிடம் நான் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்து, கல்யாணம் ஓய்வு வாரத்தில் விழும்படி ஒரு சுற்றை நான்கு நாள் தள்ளினார். இவ்வளவு எளிதாக அது முடியும் என்று கேட்கும்வரை எனக்கே தெரியாது.

பதினோரு மாதம் அந்த மாத்திரை பிடித்தது. பிறகு ஸ்கேனில் ஈரலில் கூடியிருந்தது. அடுத்ததாக அதே வாராந்திர டிரிப். அப்போது மைனி அண்டி ஆபீஸ் போவதை விட்டிருந்தார். முதல் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பார்பரை வீட்டுக்கு வரச்சொல்லித் தலையை மொட்டை அடித்துக்கொண்டு, பேரப்பிள்ளையை மடியில் வைத்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "விரல் மரத்துட்டுண்ணா சொல்லுதேன், அளவக் குறைக்கச் சொல்லணும், மறந்துராத" என்றார்.