பதில் வராத சென்சார்

நேயர்களுக்கு வணக்கம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவரை மைக்கில் கூப்பிடுகிறார்கள். ஆள் வரவில்லை. ஊரிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோமா? அவர் நிற்கும் பக்கத்துக் குழாய் ஒலிபெருக்கிக்குப் போகும் வயர் அறுந்திருக்கலாம் அல்லவா? காரின் பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி 'சென்சாருடன் தொடர்பு இல்லை' என்று சொன்னாலும் இதே கதைதான். கூப்பிட்டேன், பதில் இல்லை என்கிறது, அவ்வளவே. நம் ஆட்களோ உடனே புது சென்சார் வாங்க ஓடுகிறார்கள்.

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என் பட்டறைக்கு டீசல் கார் கொண்டுவந்தார். புகைக்குழாயில் இருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை அளக்கும் நாக்ஸ் சென்சாரை வேறொரு பட்டறையில் இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். விலை கொஞ்சநஞ்சமல்ல. எஞ்சின் விளக்கு மட்டும் அணைந்தபாடில்லை. "கார் எங்கே நிற்கும் அண்ணே?" என்று கேட்டேன். "வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில்தான்" என்றார். பாதி விடை கிடைத்துவிட்டது. அறுப்பு முடிந்த வயலில் எலிக்கு என்ன வேலை? வீட்டுப் பக்கம் வந்துவிடும்.

சென்சாரைக் கழற்றிவிட்டு, அதற்கு வரும் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தேன். 12 வோல்ட், அழகாகக் காட்டியது. முன்பு பார்த்தவரும் இங்கேதான் ஏமாந்திருப்பார். அதே இரண்டு முனைகளில், சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே, ஒரு பல்பை வைத்தேன். மினுக்கென்றுகூட எரியவில்லை. எலி கடித்த வயரில் ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தது. மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை எனலாம். அதற்கு ஒரு இழை போதும். நாக்ஸ் சென்சாருக்குள் ஹீட்டர் இருக்கிறது, அதற்குப் போதாது. மறுபடியும் சொல்கிறேன்: மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை நம்பாதீர்கள், பல்பை எரித்துப் பாருங்கள். சப்ளை வயரில் மட்டும்தான். சிக்னல் வயரில் பல்பை வைத்தால் காரின் கம்ப்யூட்டருக்கே ஆபத்து. அந்த இடத்தில் சாண் அளவு புது வயர் சேர்த்தேன். விளக்கு அணைந்தது.

அடுத்து, 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் (CAN) முறை, அதாவது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களும் இதுபோன்ற சென்சார்களும் இரண்டே வயர்களில் பேசிக்கொள்ளும் முறை. அதை விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றுங்கள். முறுக்கிய அந்த இரண்டு கேன் வயர்களுக்கு நடுவே மீட்டரில் மின்தடை பெரும்பாலான கார்களில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால், இரு முனைகளிலும் இருக்க வேண்டிய மின்தடைகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் உரசிக்கொண்டிருக்கின்றன. ஒட்டுப் போடும்போது அந்த முறுக்கைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். வணக்கம்.