64 நாள் சாதனையின் அடியில் இருக்கும் கீல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பந்தயப் பாய்மரப் படகுக்கு முதன்மையானது வேகமா, கடலைத் தாங்கும் திறனா என்பது தலைப்பு. வேகமே என்று வாதாடிய எதிரணி நண்பர் "64 நாள், 64 நாள்" என்று மேசையை ஓங்கி ஓங்கித் தட்டினார். உறுதியாகச் செய்த மேசை, தாங்கிக்கொண்டது. எங்கள் அணிக்கு முதல் சாட்சியைத் தந்ததற்கு அவருக்கு நன்றி.

அவர் சொன்ன கணக்கு பொய்யல்ல. பிரான்சின் லெ சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து ஒற்றை ஆளாய்ப் புறப்பட்டு, எங்கும் கரை தொடாமல், யார் உதவியும் இல்லாமல் உலகைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்புவது வாந்தே குளோப் பந்தயம். 1989-90இல் நடந்த முதல் பந்தயத்தில் வென்றவருக்கு 109 நாள் பிடித்தது. 2024 நவம்பரில் கிளம்பிய சார்லி டாலன் 64 நாள் 19 மணி நேரத்தில் திரும்பிவிட்டார். நானும் கைதட்டுகிறேன். ஆனால் அந்தச் சாதனையை வேகத்தின் பேரில் மட்டும் பத்திரம் எழுதிக்கொண்டு போக விடமாட்டேன்.

2008-09 பந்தயத்துக்குப் போவோம். கிளம்பியவை 30 படகுகள். முடித்தவை 11. புயலை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. பாய்மரங்கள் வரிசையாக முறிந்தன. படகின் அடியில் கத்திபோல் இறங்கி, நுனியில் ஈயக் குமிழைச் சுமந்து, சாயும் படகை நிமிர்த்துகிற பாகம் கீல். தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் அருகே ழான் லெ காமின் படகு அந்தக் குமிழை இழந்தது. இழந்ததும் தலைகீழாகக் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகுக்குள் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவரை இன்னொரு போட்டியாளரான வின்சென்ட் ரியூ மீட்டார். மீட்கப் போனதில் அவருடைய படகின் மரமும் பிறகு முறிந்தது.

வேகம் வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். எடையை எங்கே குறைப்பார்கள்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். கீலிலும் மரத்திலும் ஆளுக்கு ஆள் சுரண்டிக்கொண்டே போனார்கள். நாமும் சுரண்டாவிட்டால் பக்கத்துப் படகு முந்திவிடுமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் இமோகா என்ற அந்தப் படகு வகுப்பின் சங்கம் 2013இல் ஒரு முடிவெடுத்தது: இனிக் கட்டும் படகுகள் எல்லாவற்றுக்கும் கீலும் பாய்மரமும் ஒரே வடிவம், ஒரே தயாரிப்பு. அந்த இரண்டிலும் சுரண்டுவதற்கு இனி இடமில்லை. 2020-21 பந்தயத்தில் கிளம்பிய 33 படகுகளில் 25 முடித்தன. டாலனின் படகும் அந்த விதிக்குள் பிறந்த படகுதான் நண்பரே!

இதற்கு முந்தைய கதையும் உண்டு. 1996-97 வாந்தே குளோப் பந்தயத்தில், தெற்குப் பெருங்கடலில் தியெரி டியூபுவாவின் படகும் டோனி புல்லிமோரின் படகும் கவிழ்ந்தன, நிமிரவில்லை. அகலமான, தட்டையான மேல்தளம். வேகத்துக்கு அருமையான வடிவம், ஆனால் தலைகீழான பிறகும் அதே அகலம் டியூபுவாவின் படகை அசையாமல் வைத்திருந்தது; புல்லிமோரின் படகு கீலையே இழந்திருந்தது. இருவரையும் ஆஸ்திரேலியக் கடற்படை காப்பாற்றியது. அதே பந்தயத்தில் ஓடிய ஜெர்ரி ரூஃப்ஸ் திரும்பவே இல்லை. அதன்பிறகுதான் படகை முழுதாகக் கவிழ்த்துப் போட்டு, தானாக நிமிர்கிறதா என்று பார்க்கும் சோதனை கட்டாயமானது. வடிவமைப்பாளர்கள் ஆசைப்பட்டு வந்த சோதனை அல்ல அது.

"வேகமான படகு புயலுக்கு முன்னால் ஓடித் தப்பிவிடும், மெதுவான படகு மாட்டிக்கொள்ளும்." எதிரணியின் இந்த வாதம் கனமானது, மறைக்க மாட்டேன். இந்தியப் பெருங்கடலின் தெற்கில் டாலன் அப்படித்தான் செய்தார். ஒரு பெரும் தாழ்வழுத்தத்தின் முன்னால் ஓடினார்; வேறு சிலர் வடக்கே சுற்றிப் போய் நேரத்தை இழந்தார்கள். சரி. ஆனால் படகு இரண்டு மடங்கு வேகத்தில் போனால் அலையில் மோதும் விசை நான்கு மடங்காகிறது. புயலிலிருந்து தப்புவதற்கான வேகமே படகைச் சம்மட்டியால் அடிக்கிறது. அந்த அடியை உடையாமல் வாங்கத் தெரிந்த படகுக்குத்தான் ஓடித் தப்பும் உரிமை உண்டு.

வாங்கத் தெரியாத படகுக்கு என்ன ஆகும்? 2020 நவம்பர் 30. கேப் டவுனுக்குத் தென்மேற்கே பல நூறு கடல் மைல் தொலைவு. கெவின் எஸ்கோஃபியேயின் பிஆர்பி படகு ஓர் அலையில் இறங்கியபோது, முன்பகுதியான அணியம் அப்படியே மேல்நோக்கி மடிந்துவிட்டது. மூழ்குகிறேன், இது விளையாட்டல்ல என்று கரைக்குச் செய்தி அனுப்ப மட்டுமே அவருக்கு நேரம் இருந்தது. இரவெல்லாம் உயிர்காப்பு மிதவையில் கிடந்தார். தேடுவதற்காக நான்கு போட்டியாளர்கள் பந்தயப் பாதையை விட்டுத் திரும்பினார்கள். தூக்கி ஏற்றியவர் யார் தெரியுமா? அதே லெ காம்! 2009இல் அவரைக் காப்பாற்றிய ரியூவின் படகும் பிஆர்பி என்ற பெயருடையதுதான். லெ காம் வந்த படகு 2007இல் கட்டியது, படகை நீருக்கு மேல் தூக்கி வேகம் கூட்டும் ஃபாயில் என்கிற பக்கச் சிறகுகள் இல்லாதது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வேகத்துக்காக ஒருவர் எடுக்கும் ஆபத்தின் செலவை அவர் மட்டும் கட்டுவதில்லை. அந்தப் பந்தயத்தில் முடிவுக்கோட்டை முதலில் தாண்டியவர் எதிரணியின் நாயகர் டாலனேதான். கோப்பை போனது யானிக் பெஸ்தாவெனுக்கு. எஸ்கோஃபியேயைத் தேடச் செலவிட்ட நேரத்துக்காக அவருக்கு 10 மணி 15 நிமிடம் ஈடு கொடுத்திருந்தார்கள். நியாயமான தீர்ப்பு. ஆனால் ஒரு படகு அலையில் மடிந்ததற்கு, மடியாத படகில் வந்த டாலனும் விலை கொடுத்தார் அல்லவா? இன்னொன்றும் பாருங்கள். 2016-17இல் 74 நாளில் முடிந்த பந்தயத்தை வெல்ல, பெரிய ஃபாயில்கள் வந்த 2020-21இல் 80 நாள் ஆனது. வானிலைக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் புதுப் படகுகள் சில பாதியிலேயே உடைந்து ஒதுங்கின. ஃபாயில் இல்லாத லெ காம், ஈடு நேரத்தையும் சேர்த்து நான்காம் இடம் பிடித்தார்.

"அப்படியானால் பழைய கனத்த படகுக்கே போய்விடுவோமா?" என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்டது. வேண்டாம். கனம் வேறு, தாங்கும் திறன் வேறு. பழைய பாணிப் படகுகளில் தனியாக உலகைச் சுற்றும் 2022 கோல்டன் குளோப் பந்தயத்தில் டாபியோ லெஹ்டினெனின் கனத்த படகு சில நிமிடங்களில் மூழ்கியது. இதை எதிரணி சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அளவுகோல் வேறு. 2018இல் அதே பந்தயத்தில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் துரியா படகு புரண்டது. மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. எழுந்திருக்க முடியாமல் மூன்று நாள் உள்ளேயே கிடந்தார். படகு மிதந்துகொண்டே இருந்தது. ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது. நான்கு ஆண்டு கழித்து மீண்டும் கிளம்பி இரண்டாம் இடம் பெற்றார். பிஆர்பியில் அவர் படுத்திருந்தால்?

1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 15 பந்தய மாலுமிகள் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணை இதைத்தான் அளந்தது: எத்தனை பாகை சாய்ந்தபிறகும் படகு எழும்? கான்டெஸா 32 என்ற அடக்கமான படகு சுமார் 155 பாகை வரை சாய்ந்தாலும் எழும். அதே அளவுள்ள, பந்தய விதியின் சந்துபொந்துகளில் புகுந்து வடிவமைத்த அகலப் படகு 117ஐத் தாண்டினால் எழாது. அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய படகுப் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒரே ஒரு படகு, ஒரு கான்டெஸா 32.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும். 2013 விதியும் கவிழ்த்துப் பார்க்கும் சோதனையும் இல்லாமல் இருந்திருந்தால், டாலன் அந்தத் தாழ்வழுத்தத்தின் முன்னால் ஓடியபோது அவர் படகின் அடியில் எந்தக் கீல் இருந்திருக்கும்? அதை யார், எவ்வளவு சுரண்டியிருப்பார்கள்?