சேர்வராயன் குகை, கிளியூர் அருவி, வழியில் காட்டெருமை

வணக்கம் மக்களே. இப்போது நான் நிற்பது சேலம் பக்கத்து ஏற்காட்டில், சேர்வராயன் மலை உச்சி, 5,326 அடி. காற்று பலமாக அடிக்கிறது, குரல் விட்டு விட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கோபுரம், பிரகாரம் என்று எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். இது குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தச் சின்ன இடத்தில் சேர்வராயரும் காவிரி அம்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். மலையும் ஆறும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று ஊரில் ஒரு நம்பிக்கையும் உண்டு. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக் கிராமத்து மக்கள் திரண்டு வருவார்கள். அவர்களுக்கு இது சுற்றுலா இடமில்லை, குலசாமி மாதிரி. அதனால் குகைக்குள் செல்போன் வெளிச்சம் அடிக்காமல், வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

காலடியில் மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது, பார்த்தீர்களா? அலுமினியம் எடுக்கும் பாக்சைட் தாது உள்ள மண். இந்த மலையிலிருந்து வெட்டி எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள்.

சரி, அடுத்து கிளியூர் அருவி. சுமார் 300 அடி உயரம். கமெண்ட்டில் நிறைய பேர் "போனோம், தண்ணீரே இல்லை" என்று எழுதுகிறீர்கள். காரணம் இதுதான்: ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. ஏரி வழியவில்லை என்றால் வெறும் பாறையைத்தான் பார்க்க முடியும். கோடை விழாவுக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அருவிக்காகவே வருவதென்றால் மழைக்காலத்தில், செப்டம்பருக்கு மேல் வாருங்கள். படகுத்துறைப் பக்கம் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் வீண் அலைச்சல் இருக்காது. இறக்கம் செங்குத்து, ஏறி வரும்போது மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள். ஈரப்பாறையில் ஏறி நின்று போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் காட்டெருமை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். காபித் தோட்டங்களில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நிற்கும். நன்கு வளர்ந்த ஆண் 1,000 கிலோ வரைக்கும் வரும். அது பாட்டுக்கு மேயும், சாதுவாகத்தான் தெரியும். நாம் ஹாரன் அடித்து, வண்டியை விட்டு இறங்கி, செல்ஃபிக்குக் கிட்டே போகும்போதுதான் மிரளும். நாம் காரில் ஏறிப் போய்விடுவோம். மிரண்ட மாடு ஓடுவது தோட்டத்துக்குள். அங்கே காபிப் பழம் பறிக்கிற அக்காக்கள் இருக்கிறார்கள். ஒரு படத்துக்காக அவர்கள் உயிரோடு விளையாட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. சாலையில் நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், விளக்கைத் தாழ்த்துங்கள், அது கடந்து போகட்டும். கூட்டத்தில் கன்று இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். தின்பண்டம் எதையும் வீசாதீர்கள்.

சேலத்திலிருந்து காலையிலேயே கிளம்பினால் கோயில், அருவி இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, திரும்பும்போது குப்பனூர் சாலையில் இறங்கலாம். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். அருவிக்கு இப்போது போகலாமா என்று கேட்பவர்கள், ஏரி வழிகிறதா என்று முதலில் உள்ளூரில் யாரிடமாவது விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.